நனைய அஞ்சாத காமிரா

விலங்கியல் முதுகலை மாணவர் ஒருவர் எழுதுவது

விலை கொடுத்து வாங்கும் பொருளின் மீது பெரிய எண் ஒன்றைப் பொறித்துவிட்டால் போதும். நம்மிற் பலர் அந்த எண்ணையே பொருளின் தரம் என்று நம்பிவிடுகிறோம். காமிரா வாங்கப் போகிறவர்களின் நிலையும் இதுவே. அதிலும் நீரில் நனையும் காமிரா என்றால் பெட்டியின் மேல் எண்கள் இரண்டு மின்னும். எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்பது ஒன்று. எத்தனை மெகாபிக்சல் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டியின் மேல் சிறு எழுத்தில் இருப்பவற்றைப் பார்த்து வாங்குங்கள் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

நீரில் நனையும் காமிரா கடலில் மூழ்கி விளையாடும் செல்வர்க்கன்றோ, நமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாளரத்தைத் திறந்து வெளியே பார்க்கட்டும். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். நாம் படிக்க வந்திருக்கும் இந்த அஸ்ஸாமுக்குத் தெற்கே, மேகாலயத்தின் காசிக் குன்றுகளில் உள்ள மௌசின்ராமிலோ ஆண்டுச் சராசரி 11,800 மில்லிமீட்டருக்கும் மேல். விலங்கியல் படிப்போர்க்கும் தாவரவியல் படிப்போர்க்கும் வேலை மிகுந்த காலம் மழைக்காலமே. தவளை கூவுவது அப்போது. மீன் முட்டையிட நீரேறுவது அப்போது. அட்டை தன் பங்கைக் கேட்டு நம் காலைப் பற்றுவதும் அப்போதுதான். நிலச்சரிவைக் காணப் போகும் புவியியல் நண்பரும், ஆற்றின் கரையரிப்பை அளக்கப் போகும் பொறியியல் நண்பரும் அதே மழையில்தான் நிற்கிறார்கள்.

அந்த மாதங்களில் எங்கள் துறையின் விலையுயர்ந்த காமிரா எங்கே இருக்கும்? அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிகாப் பொட்டலங்களுக்கு நடுவே, நல்ல பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நனைந்துவிடும் என்ற அச்சம். அச்சம் தவறன்று. ஆனால் உயிர்கள் எல்லாம் வெளியே வரும் காலத்தில் உள்ளேயே இருக்கும் காமிராவின் படத்தரம் எவ்வளவு உயர்ந்திருந்தால்தான் என்ன? எடுக்காத படத்துக்குத் தரம் ஏது?

நிறம் நில்லாது

படம் என்பது எங்களுக்கு அலங்காரம் அன்று, சான்று. மீனையோ தவளையையோ பார்மலினிலும் ஆல்கஹாலிலும் இட்டு வைத்தால் உருவம் நிற்கும், நிறம் நிற்காது. பச்சையும் சிவப்பும் மஞ்சளும் மெல்ல வெளிறி, எல்லா மீனும் ஒரே பழுப்பு நிறமாகிவிடும். ஓர் இனத்தை மற்றோர் இனத்திலிருந்து பிரித்தறிய உயிருள்ளபோது இருந்த நிறம் பெரிதும் துணை செய்யும். அந்த நிறத்துக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, பிடித்த இடத்திலேயே எடுத்த நல்ல படம்.

மதுரைப் பக்கத்தார் குழம்பு வைத்துக் கொண்டாடும் அயிரையை நாம் அறிவோம். அந்த அயிரைக்கு உறவினமான மீன்கள் இந்த மலை ஓடைகளில் பல உண்டு. அவற்றுள் சில, வேகமாகப் பாயும் நீரில் கல்லை இறுகப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றை வெளியே எடுத்துத் தட்டில் வைத்துப் படம் எடுத்தால், அது கிடக்கும் மீனின் படம். நீருக்குள்ளேயே எடுத்தால், வாழும் மீனின் படம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். 1893-ஆம் ஆண்டில் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விலங்கியலார், தம் காமிராவை நீர்புகாப் பெட்டி ஒன்றில் அடைத்துக் கடலுக்குள் கொண்டு சென்று படம் எடுத்தார். பின்னர், பெட்டியே வேண்டாத காமிரா ஒன்றைக் கடலாய்வாளர் கூஸ்தோவும் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் ழான் தெ வூத்தரும் உருவாக்கினார்கள். கூஸ்தோவின் கப்பலின் பெயரால் ‘கலிப்ஸோ’ என்று அழைக்கப்பட்ட அக்காமிராவை நிக்கான் நிறுவனம் ஏற்று, 1963-இல் ‘நிக்கோனாஸ்’ என்று வெளியிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் அந்த வரிசை வாழ்ந்து, 2001-இல் முடிந்தது. மூடியின் இடுக்கில் அமரும் ரப்பர் வளையம் நீரைத் தடுக்கிறது என்ற அடிப்படை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

ஆழம் என்னும் மயக்கம்

முதல் எண்ணுக்கு வருவோம். 2017-இல் வந்த நிக்கான் டபிள்யூ 300 என்ற காமிரா 30 மீட்டர் ஆழம் தாங்கும் என்றது. 2018-இல் வந்த பானசோனிக் காமிரா ஒன்று 31 மீட்டர் என்றது. 2019-இல் வந்த ஒலிம்பஸ் டிஜி-6 காமிராவுக்கோ 15 மீட்டர்தான். எண்ணைப் பார்ப்பவர், முதல் இரண்டும் மூன்றாவதைவிட இரு மடங்கு நல்லவை என்று முடிவு கட்டிவிடுவார். அருள்கூர்ந்து ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் ஓடையின் ஆழம் முழங்கால் அளவு.

நீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று பள்ளியில் படித்தோம். ஓடும் நீரின் வேகமும் அழுத்தம் தருமே என்று ஒருவர் கேட்கலாம், நல்ல கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மோதும் நீர் தரும் கூடுதல் அழுத்தம், ஐந்து சென்டிமீட்டர் ஆழ நீரின் அழுத்தத்துக்குச் சமம்; அவ்வளவே. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து காமிராவோடு குதித்தால் வேகம் வினாடிக்குப் பத்து மீட்டராகும். அப்போது கூடும் அழுத்தம் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஈடு. ஆகவே 15 மீட்டர் தாங்கும் காமிரா நம் வேலைக்குத் தேவைக்கு மேலேயே போதும். ஆழ்கடலில் மூழ்குவோர்க்கு 30 மீட்டர் பொருள் உடையது. நமக்கு அது வெறும் பெருமை.

பெட்டியின் மேல் காணும் ‘ஐபி’ குறியையும் அறிந்துகொள்வது நல்லது. அதில் முதல் இலக்கம் தூசிக்கு. இரண்டாம் இலக்கம் நீருக்கு. நீருக்கான இலக்கம் 7 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கியது என்று பொருள். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனையைத் தாங்கியது. எவ்வளவு கடுமை என்பதைச் செய்தவரே கூறவேண்டும். இச்சோதனைகள் புத்தம் புதிய கருவியில், நல்ல நீரில் நடந்தவை. மணலும் உப்பும் முதுமையும் அந்தச் சோதனைச்சாலைக்குள் நுழைவதில்லை.

மெகாபிக்சல் என்னும் மயக்கம்

இரண்டாம் எண் இதனினும் வஞ்சகமானது. நனையும் சிறு காமிராக்களில் பெரும்பாலானவற்றில், படம் விழும் சென்சார் தகட்டின் அளவு ஏறத்தாழ 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்தச் சிறு நிலத்தில் இரண்டு கோடிப் புள்ளிகளை விதைத்தால் ஒவ்வொரு புள்ளியும் 1.2 மைக்ரான் அகலமே பெறும். ஒளிக்கோ தனக்கென்று ஓர் இயல்பு உண்டு. எவ்வளவு சிறந்த லென்ஸானாலும், ஒளி ஒரு புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகவே விழும். லென்ஸின் திறப்பு எஃப் 3.5 என்றால் பச்சை ஒளியின் அந்த வட்டம் ஏறத்தாழ 4.7 மைக்ரான். அதாவது ஒரே வட்டம் நான்கு புள்ளிகளின் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. புள்ளிகளைக் கூட்டியதால் கோப்பு பெருத்தது, படம் தெளியவில்லை.

திறப்பு எஃப் 2 ஆக இருந்து, புள்ளிகள் 1 கோடியே 20 இலட்சமாகக் குறைந்தால் என்னாகும்? வட்டம் 2.7 மைக்ரானாகச் சுருங்கும். புள்ளியின் அகலம் 1.5 மைக்ரானாக விரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். அதோடு எஃப் 3.5-ஐவிட எஃப் 2 மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடும். மரநிழலில், மழை மூட்டத்தில், பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டும் இந்நாட்டில், அந்த மூன்று மடங்கு ஒளி என்பது தெளிந்த படத்துக்கும் கலங்கிய படத்துக்கும் இடையே உள்ள தொலைவு. மெகாபிக்சல் குறைந்த காமிராவே நல்ல காமிராவாக இருக்கக் கூடும் என்பதற்கு இது போதும்.

இதற்கும் மேலான படத்தரம் வேண்டுமென்றால் சென்சார் பெரிதாக வேண்டும். 2017-இல் சோனி நிறுவனம் ஆர்எக்ஸ் 0 என்ற சிறு காமிராவை வெளியிட்டது. அதன் சென்சாருக்கு ‘ஓர் அங்குலம்’ என்று பெயர்; அளந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான்! ஆயினும் பரப்பில் முன் சொன்னதைப் போல் நான்கு மடங்கு. பத்து மீட்டர் ஆழம் தாங்கும். ஆனால் அரை மீட்டருக்கு உள்ளே வந்த பொருள் அதற்குத் தெளியாது; 2019-இல் வந்த அதன் தம்பி 20 சென்டிமீட்டர் வரை நெருங்கும். 2016-இல் வந்த லைக்கா எக்ஸ்-யூ இன்னும் பெரிய சென்சார் கொண்டது. 15 மீட்டர் தாங்கியது. அதன் விலையோ மாணவர் உதவித்தொகையைப் பார்த்து நகைக்கும் விலை. பெரிய காமிராவுக்குக் கண்ணாடி முகமுள்ள நீர்புகாப் பெட்டி செய்து மாட்டலாம். பெட்டியின் விலை சில வேளை காமிராவின் விலையையே மிஞ்சும். சுமந்து மலையேற ஓர் ஆளும் வேண்டும்.

பார்க்க வேண்டியவை

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலாவது, நெருக்கம். கலங்கிய நீரில் தொலைவு என்பது பகை. ஒவ்வொரு சாணுக்கும் தெளிவு குறையும். எனவே பொருளின் பக்கத்தில் போய் எடுக்கும் காமிராவே ஓடைக்கு ஏற்றது. முன்னே கூறிய டிஜி-6 ஒரு சென்டிமீட்டர் வரை நெருங்கிப் பார்க்கும். தவளை முட்டையின் உள்ளே கரு அசைவதைக் காண, ஆழத்தின் எண் உதவாது. இந்த ஒரு சென்டிமீட்டர் உதவும். நீரினுள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும் என்பதையும், அதனால் காமிராவின் பார்வை குறுகும் என்பதையும் மனத்தில் கொள்க.

இரண்டாவது, முன் விளக்கிய லென்ஸின் திறப்பு. மூன்றாவது, ‘ரா’ என்னும் பண்படாத கோப்பைத் தருமா என்பது. காமிரா தானே மெருகிட்டுச் சுருக்கித் தரும் படத்தில், மீனின் செதில் வரிசை மழுங்கிப் போவதுண்டு. நிறமும் காமிராவின் விருப்பப்படி மாறும். சான்றாகப் பயன்படும் படத்துக்கு ‘ரா’ கோப்பு இன்றியமையாதது. 30 மீட்டர் தாங்கிய டபிள்யூ 300 அதைத் தரவில்லை. 15 மீட்டர் தாங்கிய டிஜி-6 தந்தது. எண்ணைக் கண்டு மயங்கியவர் எதை இழந்திருப்பார் என்று பாருங்கள்.

நான்காவது, மின்கல மூடியின் பூட்டு. ஒரே தள்ளலில் திறக்கும் மூடியை நம்பாதீர்கள். பூட்டும் தாழும் இரண்டும் வேண்டும். ஐந்தாவது, கையுறையோடும் ஈரக் கையோடும் அழுத்தக் கூடிய பொத்தான்கள். டிஜி-6 இரண்டு மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்றும், நூறு கிலோ எடையைப் பொறுக்கும் என்றும், பத்துப் பாகை உறைகுளிரிலும் இயங்கும் என்றும் அதைச் செய்தவர்கள் கூறினார்கள். 2023-இல் அதன் வழித்தோன்றலாக டிஜி-7 வந்தது. ஒலிம்பஸின் காமிராத் தொழில் கைமாறிவிட்டதால் ‘ஓஎம் சிஸ்டம்’ என்ற பெயரோடு வந்தது. 2024-இல் பென்டாக்ஸ் பெயரில் டபிள்யூஜி-8 வந்தது. பலர் இத்துறையை விட்டே விலகிவிட்டார்கள்.

நான் டிஜி வரிசையைப் புகழ்வதாகத் தோன்றலாம். குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்சார் சிறியதே, இருளில் படம் பொரிபொரியாகும். உருப்பெருக்கம் நான்கு மடங்கே. தீப்பர் பீல் ஏரியின் மறுகரையில் நிற்கும் நாரையை எடுக்க நினைப்பவர் வேறு காமிரா தேடட்டும். காலருகே உள்ள உயிரை, கொட்டும் மழையில் காண விரும்புவோர்க்கே என் பரிந்துரை.

‘கைப்பேசி போதாதோ?’ என்பது அடுத்த கேள்வி. பல கைப்பேசிகள் இன்று நீரைத் தாங்குகின்றன. படமும் அழகாக எடுக்கின்றன. ஆனால் அவற்றின் திரை விரலைத் தேடும் திரை. மழைத்துளி விழுந்தால் விரல் என்றே எண்ணிக்கொள்ளும். என் நண்பர் ஒருவர் ஓடையில் தவளையை எடுக்க முனைய, துளிகள் திரையைத் தட்டி, அவர் முகத்தையே இரண்டு நிமிடம் படம் பிடித்து வைத்தன. தவளை போய்விட்டது. அன்றியும், நீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்யும் பல நிறுவனங்கள், நீர் புகுந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று உத்தரவாதச் சீட்டில் சிறு எழுத்தில் எழுதியிருக்கின்றன. வீட்டுக்குப் பேசவும், பணம் செலுத்தவும், இரயில் சீட்டுக் காட்டவும் இருக்கும் ஒரே கருவியை ஓடைக்குள் இறக்கத் துணிவு வருமா?

காப்பது நம் கையில்

எவ்வளவு நல்ல காமிராவும் கவனமற்ற கையில் ஒரு நாளில் மாண்டுபோகும். ரப்பர் வளையத்தின் மேல் ஒரு தலைமயிர் கிடந்தால் போதும். நீருக்கு அது இராஜபாட்டை. ஆகவே மூடுமுன் வளையத்தைக் கண்ணால் பார்த்து, நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். ஓடைக்கரையில் மூடியைத் திறக்கலாகாது. கடலுக்குச் சென்று வந்தால் நன்னீரில் ஊறவைக்க வேண்டும். உப்பு காய்ந்து படிகமானால் வளையத்தை அறுக்கும். வளையங்களை ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நலம். பழைய காமிராவைக் குறைந்த விலைக்கு வாங்குவோர், வளையத்தின் வயது தெரியாமல் நீரில் இறக்கவேண்டாம்.

லென்ஸின் உட்புறம் பனி படர்வதற்கும் காரணம் நாமே. முப்பது பாகை வெப்பக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் வரை நீராவி இருக்கலாம். இருபது பாகையில் 17 கிராமுக்கு மேல் நில்லாது. ஈரக்காற்று நிறைந்த அறையில் மூடியை மூடிவிட்டுக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால், உள்ளே சிறைப்பட்ட ஆவி துளியாகாமல் என்ன செய்யும்? குளிரூட்டிய, உலர்ந்த அறையில் மின்கலத்தை மாற்றி மூடுங்கள். தொல்லை பெரிதும் குறையும். காமிரா மிதக்காது, அதன் வாரில் மிதவை ஒன்றைக் கட்டிவிடுங்கள். பிரம்மபுத்திரா, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஆறு அன்று.

ஒருவர்க்கு இயலாதது

எஞ்சியிருப்பது பணம். டிஜி-7 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 550 டாலர். நம் விடுதியில் ஒரு மாணவர் தனியே வாங்க அஞ்சும் தொகைதான். ஆனால் ஆண்டு முழுவதும் ஒருவருக்கே அது தேவைப்படுவதும் இல்லை. விலங்கியலார்க்கு ஜூனில் வேண்டும், தாவரவியலார்க்கு ஆகஸ்டில், புவியியலார்க்கு மழை விட்டபின். பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் ஒன்று கூடிப் பணம் திரட்டும் நம் மன்றம், படிப்புக்காகவும் ஒரு முறை திரட்டலாகாதா? துறையின் அலமாரி திறக்கும் என்று காத்திருந்து இரண்டு மழைக்காலங்களைக் கழித்துவிட்டுப் பட்டத்தோடு ஊர் திரும்புவது நமக்குப் பழகிவிட்டது. நாம் காணாமல் விட்ட மீன் மட்டும் அடுத்து வருவோர்க்காகக் காத்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? கல்லுடைப்பும் மணலள்ளலும் ஓடைகளை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருக்கின்றன.

வழி எளிது. ஒரு காமிரா, ஒரு பதிவேடு, ஓர் உதிரி ரப்பர் வளையத் தொகுதி, ஒரு மிதவை. எடுத்துச் செல்பவர் கையொப்பமிட வேண்டும். திருப்பித் தருபவர் வளையத்தைத் துடைத்துக் காட்ட வேண்டும். எடுக்கும் படங்களின் படி ஒன்று, இடமும் நாளும் குறித்து, மன்றத்தில் சேர வேண்டும். பத்து ஆண்டுகளில் அது எத்தகைய செல்வமாக வளரும் என்று எண்ணிப் பாருங்கள்.

மன்றத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். தாவரவியலாராக இருந்தாலும் சரி. அட்டைக்கு அஞ்சாதவராக இருந்தால் மிகவும் நல்லது.